பழைய பிளேட்டு எல்லாம் அரிய பிளேட்டு அல்ல: இசை நாடகத் தட்டுகளைக் கடைகளில் தேடுவோருக்கு

பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு கட்டு கிராமபோன் பிளேட்டு இறங்கினால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். “நூறு வருஷத்துப் பொருள், லட்சக்கணக்கில் போகும்” என்பார் ஒருவர். “ஓட்டுறதுக்கு மெஷினே இல்லை, எடைக்குப் போடு” என்பார் இன்னொருவர். இருவருமே தட்டைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துப் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேரும் தட்டுகள் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் வீணாகின்றன. யாரும் வாங்க முடியாத விலை சொல்லிப் பூட்டி வைக்கப்பட்டவை ஒரு பக்கம். அம்மிக்கல்லுக்கு அடியில் கிடந்து நொறுங்கியவை மறு பக்கம்.

ஒரு தட்டு எவ்வளவு பழையது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு அரியது என்பது வேறு கேள்வி. இன்னும் பாடுமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை தட்டின் மேலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எந்த இசை நாடகம்?

வசனத்துக்குப் பதிலாகப் பாட்டாலேயே கதையை நடத்துவது இசை நாடகம். ஐரோப்பாவில் அதற்கு ஓபரா என்று பெயர். காவிரிக் கரைக்கு இது வெளியூர்ச் சரக்கு அல்ல. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகம், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம், தியாகராஜர் திருவையாற்றில் இயற்றிய நௌகா சரித்திரம், இன்றும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் மெலட்டூர் பாகவத மேளா எல்லாம் அந்தக் குடும்பம்தான். பிறகு சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் வந்தன. அவற்றை மேடையேற்றிய கம்பெனிகளின் பாட்டுகள் கிராமபோன் தட்டில் ஏறின.

ஆகவே இந்தப் பக்கத்துக் கடையில் “ஓபரா ரெக்கார்டு” தேடுகிறவர் இரண்டு வகைக்கும் கண் வைத்திருக்க வேண்டும். ஒன்று தமிழ் நாடகப் பாட்டும், முழு நாடகத்தையும் பல தட்டில் தரும் நாடக செட்டும். இன்னொன்று நாகப்பட்டினம், பொன்மலை ரயில்வே குடியிருப்புகள், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காரைக்கால் போன்ற இடங்களின் பழைய வீட்டுச் சாமான்களோடு எப்போதாவது வரக்கூடிய இத்தாலிய, பிரெஞ்சு ஓபராத் தட்டு. முதல் வகை கிடைக்க வாய்ப்பு அதிகம். நம் ஊருக்கு மதிப்பும் அதில்தான் அதிகம் என்பது எங்கள் கருத்து: இத்தாலிய ஓபராப் பாடகர் காருசோவின் பாட்டைப் பாதுகாக்க உலகமெங்கும் நூலகங்கள் இருக்கின்றன, நம் ஊர் நாடக நடிகையின் ஒரே தட்டு நாகப்பட்டினத்துப் பரண் ஒன்றில் மட்டும் இருக்கலாம்.

தட்டு எதனால் ஆனது

பலர் கறுப்பாக, வட்டமாக இருப்பதையெல்லாம் ஒரே பொருளாக நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பழைய தட்டு அரக்குத் தட்டு. தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து மரத்துக்கு பாலிஷ் போடுகிறார்களே, அந்த அவலரக்கேதான். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரப்பது. அதோடு நிறையக் கல்பொடி, கொஞ்சம் பஞ்சுத் தூள், கறுப்புக்குக் கரி சேர்த்துச் சூட்டில் அழுத்தி எடுத்தார்கள். கல்பொடிதான் பெரும்பங்கு, அரக்கு அதைப் பிடித்து வைக்கும் பசை.

இதிலிருந்தே பாதிக் குணம் விளங்கிவிடும். கல்பொடி இருப்பதால் கனம்: 10 அங்குலத் தட்டு ஒன்று சுமார் 200 கிராம். அரக்கு என்பதால் கண்ணாடிபோல உடையும், வெயிலில் இளகி வளையும், ஸ்பிரிட் பட்டால் கரையும்.

1948இல் அமெரிக்காவில் வந்த எல்.பி. வேறு பொருள். அது வினைல் என்னும் பிளாஸ்டிக். வளைத்தால் வளையும், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று. 10 அங்குலத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம், 12 அங்குலத்தில் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். எதுவென்று தெரிய வளைத்துப் பார்க்காதீர்கள். அரக்காக இருந்தால் அந்தச் சோதனையோடு தட்டின் கதை முடிந்துவிடும். கனத்தைப் பாருங்கள், லேபிளில் வேகத்தைப் பாருங்கள்.

வரியும் முள்ளும்

தட்டில் நூல் நூலாகத் தெரிவது பல வட்டங்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே சுருண்டு செல்லும் ஒரே வரி. வயல் ஓரத்தில் ஏர் பூட்டி, கலப்பையைத் தூக்காமல் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தால் ஒரே சால் விழும் அல்லவா, அதுபோல. மூன்று நிமிடப் பாட்டுக்கு முள் 234 சுற்று நடக்கிறது. நூறு மீட்டருக்கு மேல் நீளம்.

அந்தச் சால் நேராக இருக்காது. பாடியவரின் குரல் எப்படி அதிர்ந்ததோ அப்படியே இடமும் வலமுமாக நெளிந்திருக்கும். முள் அந்த நெளிவில் ஆடுகிறது. ஆட்டம் ஒரு மெல்லிய தகட்டுக்குப் போய்க் காற்றை அதிர வைக்கிறது. குரலாகக் கேட்பது அந்த அதிர்வுதான். சாவி கொடுக்கும் கிராமபோனில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை.

தட்டு பிறக்கும் விதம்

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஒரு மெழுகுக்கு ஒரு சிலை.

கிராமபோன் தட்டும் மெழுகில்தான் தொடங்கியது. பாடும்போதே மெழுகுப் பலகையில் வரி வெட்டப்பட்டது. ஆனால் அதை உருக்கிவிடாமல் மேலே உலோக முலாம் ஏற்றி உரித்தார்கள். அந்த உலோகத்திலிருந்து படி எடுத்து, கடைசியில் அச்சு செய்தார்கள். வரி பள்ளமாக இருந்த இடம் அச்சில் மேடு. அச்சு முறுக்குக் கட்டைபோல அதைச் சூடான அரக்கின் மேல் அழுத்த அழுத்தத் தட்டு விழுந்துகொண்டே இருக்கும். ஒரு மெழுகுக்கு ஆயிரக்கணக்கான தட்டு.

“பழையது” என்பதும் “அரியது” என்பதும் பிரிகிற இடம் இதுதான். நன்றாக விற்ற பாட்டுக்கு அச்சு மேல் அச்சாகச் செய்து வருடக்கணக்கில் தட்டு போட்டார்கள். விற்காத பாட்டுக்குச் சில நூறு அழுத்திவிட்டு நிறுத்திவிட்டார்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே அறையில் பதிவாகியிருக்கலாம்.

காருசோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1902 ஏப்ரலில் மிலான் நகரத்து ஓட்டல் அறையில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் அவருடைய 10 பாட்டுகளைப் பதிவு செய்தார். அவற்றின் அந்தக் காலத்து அசல் தட்டுகளைச் சேகரிப்போர் தேடி அலைகிறார்கள். அதே காருசோ 1904 முதல் 1920 வரை அமெரிக்காவின் விக்டர் கம்பெனிக்குப் பாடியவை ஏராளமாக விற்றவை. அதனால் இன்றும் எளிதில் கிடைப்பவை. பெயர் ஒன்றுதான், குரல் ஒன்றுதான், மதிப்பு மட்டும் ஒன்றல்ல.

தலைகீழ் உதாரணமும் உண்டு. இந்தியாவில் 78 வேகத் தட்டு 1960களிலும் அச்சானது. மேல்நாடுகள் அதைக் கைவிட்ட பிறகும் கல்கத்தா டம் டம் ஆலையில் இங்கிலாந்துப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸின் பாட்டு 78 வேகத்தில் வெளிவந்தது. 1910ஆம் ஆண்டுத் தட்டு பலவற்றைவிட அவற்றுக்கு உலக அளவில் கிராக்கி அதிகம்.

இதுவரை சொன்னதன் சாரம்: அரக்குத் தட்டு உடையும், கரையும், வளையும். ஒரே பதிவு பல ஆயிரம் தட்டாகப் பெருகக்கூடும். எத்தனை அச்சானது, எத்தனை பிழைத்தது என்பதுதான் அருமையைத் தீர்மானிக்கிறது, வயது அல்ல.

மழமழ வளையத்தில் உள்ள எண்

கடைசி வரிக்கும் நடுவில் உள்ள காகித லேபிளுக்கும் இடையே ஒரு விரற்கடை அகலத்துக்குப் பாட்டில்லாத மழமழப்பான வளையம் இருக்கும். புதிதாகத் தேடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. பழகியவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

லேபிளில் அச்சிட்ட எண் விற்பனை எண். கடைக்காரர் ஆர்டர் போடுவதற்கானது. வளையத்தில் பொறித்த எண் மேட்ரிக்ஸ் எண். மெழுகில் பதிந்த அந்த ஒரு பாட்டுக்கு உரியது. இரண்டு பக்கத்துக்கும் விற்பனை எண் ஒன்றுதான், மேட்ரிக்ஸ் எண் தனித்தனி. பத்து வருடம் கழித்து வேறு லேபிள் ஒட்டி, வேறு விற்பனை எண் போட்டு விற்றாலும் மேட்ரிக்ஸ் எண் பெரும்பாலும் மாறாது. ஆள் சட்டை மாற்றிக்கொள்ளலாம், கைரேகையை மாற்ற முடியாது. எண்ணின் வாலில் 1, 2 என்றோ ரோமன் எண்ணிலோ சிறு குறி இருந்தால், அதே பாட்டை எத்தனையாவது தடவை பாடிய பதிவு என்று பொருள்.

எண் மங்கலாக இருந்தால் கைப்பேசி டார்ச்சைத் தட்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. அதிலும் தெரியாவிட்டால் கல்வெட்டுக்குப் படி எடுப்பதுபோல மெல்லிய காகிதத்தை வளையத்தின்மேல் வைத்து மென்மையான பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். எண் காகிதத்தில் எழும்பி வரும். மிகப் பழைய தட்டுகளில் எண் லேபிள் காகிதத்துக்கு அடியிலேயே இருக்கும். விரலால் தடவினால் மேடு தட்டுப்படும்.

ஐரோப்பாவில் பதிவான எச்.எம்.வி. (நாய்ப் படம் போட்ட ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’) தட்டுகளில் எண்ணுக்குப் பின்னால் சின்ன முக்கோணம் இருந்தால் அது 1925க்குப் பிறகு மைக் வைத்துப் பதிந்தது. சதுரம் இருந்தால் 1931 அல்லது அதற்குப் பிறகு. இவ்வளவு தெரிந்தாலே ஓபராத் தட்டுகளில் பாதியை இரண்டு காலமாகப் பிரித்துவிடலாம்.

லேபிள் சொல்லும் காலம்

நாய்ப் படம் இருந்தால் “ரொம்பப் பழசு” என்று விலை ஏற்றுவார்கள். கிராமபோன் குழலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நாயை எச்.எம்.வி. கம்பெனி தன் தட்டுகளில் பரவலாகப் போட்டது ஏறக்குறைய 1909 முதல்; அதன் பிறகு பல பத்தாண்டுகள் அதே நாய்தான். ஆகவே நாய் மட்டும் வயதுக்குச் சான்றல்ல. அதற்கு முந்திய முத்திரை, தட்டின்மேல் உட்கார்ந்து இறகால் எழுதும் தேவதை. “கிராமபோன் அண்டு டைப்ரைட்டர்” என்ற கம்பெனிப் பெயர் இருந்தால் அது 1900க்கும் 1907க்கும் இடைப்பட்ட காலத்தது. 1908இல் கல்கத்தாவில் ஆலை தொடங்கும்வரை அந்தக் கம்பெனி பதிந்த இந்தியப் பாடகர்களின் பாட்டு பெரும்பாலும் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகிக் கப்பலில் வந்தது. ஹனோவர் என்ற பெயரோ தேவதை முத்திரையோ கண்ணில் பட்டால் அந்தத் தட்டைக் கீழே வைக்காதீர்கள்.

அந்தத் தொடக்ககாலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பது உண்டு. 1902இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜான் செய்தது பெயர் பெற்றது. பெருமைக்காக அல்ல, பாஷை தெரியாத ஹனோவர் ஆலைக்காரர்கள் எந்த மெழுகு யாருடையது என்று அடையாளம் காண்பதற்காக.

ஒரு பக்கம் மட்டும் பாட்டு இருந்தால் அது மிகப் பழையது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. இரு பக்கத் தட்டை ஜெர்மனியின் ஓடியன் கம்பெனி 1904லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் பெரிய ஓபராப் பாடகர்களின் சிவப்பு லேபிள் தட்டுகளை எச்.எம்.வி. 1920களின் தொடக்கம்வரை ஒரு பக்கமாகவே விற்றது. விலை கூட வைத்த சரக்கு அது.

தமிழ்த் தட்டுகளுக்கு எச்.எம்.வி. மட்டும் தெரிந்தால் போதாது. அதன் மலிவு லேபிளான ட்வின், பிறகு கொலம்பியா, ஓடியன், பிராட்காஸ்ட், ஹட்சின்ஸ் என்று பல உண்டு. படம் எடுக்க வருவதற்கு முன்பு ஏ.வி. மெய்யப்பன் நடத்திய சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் இசைத்தட்டு வணிகம்தான் செய்தது. எங்கள் அனுபவத்தில் நாடகப் பாட்டு தேடுகிறவருக்கு இந்தச் சின்ன லேபிள்கள்தான் வயல். நாய்ப் படத்தையே துரத்துகிறவர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்.

குழலா, மைக்கா?

1925க்கு முன் பதிவுக்கு மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய தகரக் குழலுக்குள் முகத்தை வைத்துப் பாடினார். குரலின் வேகமே மறுமுனையில் மெழுகை வெட்டியது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டப் பாடிப் பழகிய நாடகக்காரர்களும் ஓபராப் பாடகர்களும் குழலுக்கு ஏற்றவர்கள். தம்புராவும் வீணையும் குழலில் தோற்றுப்போயின. இந்தியாவுக்கு மைக் பதிவு அடுத்த சில ஆண்டுகளில் வந்தது.

காதால் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மிருதங்கத்தைக் கவனியுங்கள். வலந்தலை (வலப் பக்கம்) டக் டக்கென்று கேட்டு, தொப்பியின் (இடப் பக்கம்) கும்கி எங்கேயோ தொலைந்திருந்தால் அது குழல் பதிவு. தொப்பி உருண்டு கேட்டால் மைக் பதிவு. பாட்டில் “ஸ”, “ச” ஒலிகள் மழுங்கி “த” போலப் படுவதும் குழல் பதிவின் அடையாளம்.

எதைத் தேடுவது

நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல் மறைந்தார். ஆகவே அவருடைய எல்லாப் பதிவும் அந்தச் சின்ன ஆயுளுக்குள் அடங்கியவை. ஆனால் தட்டு அவர் மறைவுக்குப் பிறகும் அச்சானது. கடைக்காரர் “கிட்டப்பா காலத்துத் தட்டு” என்றால் பதிவு அந்தக் காலத்தது என்று மட்டுமே நிச்சயமாகச் சொல்லலாம். முதன்முதல் விற்பனைக்கு வந்த அச்சு முதல் அச்சு. பின்னால் வந்தது மறு அச்சு. சேகரிப்போர் முதல் அச்சுக்குக் கூடுதல் கொடுப்பார்கள். கேட்பதற்கு என்றால் மறு அச்சை ஒதுக்க வேண்டாம். குறைவாக ஓடியிருந்தால் அதில்தான் குரல் தெளிவாக இருக்கும்.

கே.பி. சுந்தராம்பாள், எம்.கே. தியாகராஜ பாகவதர் போன்றவர்களின் பெரும்பாட்டுகள் நன்றாக விற்றவை, திரும்பத் திரும்பக் கிடைப்பவை. மனநிறைவோடு வாங்கிக் கேளுங்கள், ஆனால் புதையல் விலை கொடுக்காதீர்கள். கண்ணை அகல வைக்க வேண்டியது லேபிளில் பெயர் தெரியாத நாடக நடிகர்கள், ஒரே ஒரு தட்டோடு மறைந்துபோன ஊர்ப் பாடகிகள், பின்பாட்டுக்காரர்கள், ஹார்மோனியக்காரர்கள், நாகஸ்வரக்காரர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை உலகமே கேட்டிருக்கிறது. பக்கத்து ஊரில் அவருக்குச் சமமாக மதிக்கப்பட்ட ஒருவரின் மூன்று நிமிடம் இன்னும் எந்தக் கணினியிலும் ஏறாமல் இருக்கலாம்.

கடையில், கையில் எடுத்ததும்

“பிளேட்டு இருக்கா அண்ணே?” என்று பாத்திரக் கடையில் கேட்டால் எவர்சில்வர் தட்டைத்தான் காட்டுவார்கள். “பாட்டு ரெக்கார்டு, பழைய கிராமபோன் பிளேட்டு” என்று சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பாத்திரக் கடையைவிட, இடித்த வீட்டுக் கதவு நிலை விற்கும் மரக்கடையும், ரேடியோ ரிப்பேர் கடையும், மூன்று தலைமுறையாக மைக் செட் வைத்திருப்பவர்களும் நல்ல இடம். போகிக்கு முந்திய வாரம் பரண்கள் காலியாகும். தை மாதம் கடைகளில் வரத்து தெரியும்.

எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். மைக் செட்டுத் தட்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் ஓடித் தேய்ந்திருக்கும். மிராசுதார் வீட்டு அலமாரித் தட்டு அரிதாகவே ஓடியிருக்கும், ஆனால் கறையான் உறையைத் தின்றிருக்கும்.

பிறகு சோதனை. தட்டை விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் தொட்டு எடுங்கள். நடு ஓட்டையில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல மறுகை விரல் நுனியால் விளிம்பை மெல்லத் தட்டுங்கள். நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது கரகரக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலையும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். வாசல் பக்கம் போய்த் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். வரிகள் கறுப்பாக மினுங்கினால் நல்லது. பாட்டு உச்சத்துக்குப் போகும் இடங்களில் சாம்பல் பூத்ததுபோலப் பட்டை தெரிந்தால் முள் அங்கே சுவரைத் தின்றுவிட்டது. எந்தத் திரவம் போட்டுத் துடைத்தாலும் திரும்ப வராது. இங்கே ஒரு ஏமாற்று உண்டு: சாம்பல் தட்டில் தேங்காய் எண்ணெய் தடவினால் சற்று நேரம் பளபளக்கும். விரலால் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் உள்ளே எதையோ மறைக்கிறார்கள்.

கீறலை நகத்தால் தடவுங்கள். நகம் வழுக்கிப் போனால் பெரும்பாலும் சத்தம் வராது. நகம் மாட்டினால் டிக் டிக் உறுதி. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒரு விரிசல் ஓடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக், நிமிடத்துக்கு 78. விளிம்பில் சின்னத் துண்டு போயிருந்து அது வரியை எட்டவில்லையென்றால் கவலை வேண்டாம். நடு ஓட்டை பெரிதாகிப் பிய்ந்திருந்தால் தட்டு கோணலாகச் சுற்றும், சுருதி ஊசலாடும்.

பித்தளைக் குழலும் நாய்ப் பட்டயமும் எண்கோணப் பெட்டியுமாகக் கடை வாசலில் மினுமினுக்கும் கிராமபோன்களில் பெரும்பாலானவை அண்மையில் செய்த பொம்மை. தட்டு வாங்கியதோடு நின்றுவிடுங்கள். அவற்றின் கனத்த கை நல்ல வரியைச் சீவிவிடும்.

செட்டும் அதன் பக்கக் கணக்கும்

ஒரு பக்கம் மூன்று நிமிடம் என்றால் முழு நாடகம் எப்படி அடங்கும்? பல தட்டாகப் பிரித்து செட்டாக விற்றார்கள். கோவலன், வள்ளி திருமணம் போன்ற தமிழ் நாடக செட்டுகளில் லேபிளில் பாகம் 1, பாகம் 2 என்று இருக்கும். இரண்டரை மணி நேர ஓபரா 12 அங்குலத் தட்டில் 15ஐத் தாண்டும்.

ஓபரா செட்டில் புதியவர்கள் குழம்பும் ஒன்று உண்டு. முதல் தட்டில் ஒரு பக்கம் பாகம் 1, மறு பக்கம் பாகம் 8 என்று இருந்தால், வேறு செட்டுத் தட்டு கலந்துவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கலக்கவில்லை. தட்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே இறக்கும் மெஷினுக்காக அடுக்கியது அது. நான்கு தட்டு என்றால் 1–8, 2–7, 3–6, 4–5. மொத்த அடுக்கையும் ஒரே தடவை திருப்பிப் போட்டால் கதை தொடரும்.

குறை செட்டாக இருந்தாலும் இருப்பது மொத்தத்தையும் வாங்குங்கள், நல்ல பக்கத்தை மட்டும் பொறுக்காதீர்கள். விற்பனை எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வருவதால் எந்த எண் விட்டுப்போனது என்று குறித்து வைத்துக்கொண்டு வேறு கடையில் தேடலாம்.

சுருக்கம்: வளைய எண், லேபிள், ஒலி, வெளிச்சம், நகம். கடையில் ஒரு தட்டுக்கு இரண்டு நிமிடம் போதும். விலைப் பேச்சு அதற்குப் பிறகு.

கழுவுதல், முள், வேகம்

கொண்டுவரும்போது செங்குத்தாக, நெளி அட்டை இடையில் கொடுத்து, பெட்டிக்குள் ஆடாமல். பைக்கின் முன்பக்கம் படுக்க வைத்தால் முதல் வேகத்தடையிலேயே நடுவில் பிளக்கும்.

கழுவ ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் எதுவும் கூடாது. பாலிஷ்காரர் அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தான் என்பதை மறக்க வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் காய்ந்த தூசியை முதலில் தட்டுங்கள். பிறகு ஒரு லிட்டர் வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் வரிக்குள் உப்பை விட்டுவிடும். குழந்தைப் பல்துலக்கியால் வரி போகும் திசையிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. ஊற வைக்கவும் கூடாது. விரிசல் வழியே ஈரம் உள்ளே போய்த் தட்டு உப்பும். நல்ல தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள்.

சாவி கிராமபோன் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு இரும்பு முள். இது கஞ்சத்தனம் காட்டும் இடமல்ல. தட்டில் உள்ள கல்பொடி முதல் சில சுற்றுகளிலேயே முள்ளைத் தன் வரிக்கு ஏற்பச் சாணை பிடித்துக்கொள்கிறது. பாட்டு முடிவதற்குள் முனை பட்டையாகி ஓரம் உளிபோலக் கூர்மையாகிவிடும். அதையே அடுத்த தட்டில் வைத்தால் உளியால் உழுவதாகும்.

மின்சார டர்ன்டேபிளில் 78 வேகம் இருந்தால் மட்டும் போதாது, முள்ளும் மாற வேண்டும். எல்.பி. முள் முனை சுமார் 25 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. 78 தட்டுக்கு வேண்டியது சுமார் 75 மைக்ரான். சின்ன முள் அகன்ற சாலின் அடியில் உருண்டு அழுக்கின் சத்தத்தைத்தான் பாடும். “பழைய தட்டு என்றால் கரகரப்புத்தான்” என்று பலர் நம்புவதற்கு முதல் காரணம் இந்தத் தவறான முள்.

வேகத்தைச் சரிபார்க்கத் தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துணுக்கை வைத்து எண்ணுங்கள்: அரை நிமிடத்தில் 39 சுற்று. 1925க்கு முந்திய தட்டுகள் 78இல்தான் பதிந்தன என்பதற்கு உறுதி இல்லை. 70ஐ ஒட்டியும் 80ஐத் தாண்டியும் உண்டு. வேகம் 78இலிருந்து 73.6 ஆனால் சுருதி அரைக் கட்டை இறங்கும். குரல் கீச்சென்று, பிருகா அவசரமாகக் கேட்டால் பாடகரைக் குறை சொல்லும் முன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

வைத்துக் காப்பது, உடைந்ததைச் சேர்ப்பது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரையோடு ஒட்டிய அலமாரி ஆகாது. தரையிலிருந்து குறைந்தது ஒரு அடி உயரம், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி. செங்குத்தாக, சாயாமல். படுக்க வைத்து இருபது தட்டு அடுக்கினால் அடித்தட்டின் மேல் நாலு கிலோ ஏறுகிறது. உறை மாற்றினாலும் கும்பகோணத்துக் கடை, திருச்சிக் கடை என்று முத்திரை உள்ள பழைய உறையைத் தனியே எடுத்து வையுங்கள். தட்டு எங்கே விற்றது என்பதற்கு வேறு சான்று கிடையாது.

ஒவ்வொரு தட்டுக்கும் இரு பக்க மேட்ரிக்ஸ் எண், விற்பனை எண், லேபிள் எழுத்து எழுதியிருக்கிறபடியே, எங்கே வாங்கியது என்று ஒரு நோட்டில் பதியுங்கள். பிறகு கணினியில் ஏற்றுங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. நாடகக் காலத்துத் தட்டுகளின் பதிவுரிமை முடிந்துவிட்டது. பாட்டு எழுதியவரின் உரிமை தனி. அது அவர் மறைந்து 60 ஆண்டு வரை.

உடைந்தால் துண்டுகளை வீசிவிடாதீர்கள். வழுக்காத ரப்பர் விரிப்பின்மேல் துண்டுகளைச் சேர்த்து, வெளி விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடாவால் இறுக்கி, முள் ஏறும் பக்கம் மேடு வராதபடி அடியில் மெல்லிய காகிதம் கொடுத்துச் சமன்படுத்துங்கள். பசையை வரிக்குள் விடக் கூடாது. இரண்டாகப் பிளந்த தட்டு ஒரு சுற்றுக்கு இரண்டு டிக் கொடுக்கும். அது பதிவானபின் கணினியில் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கலாம். பாட்டு முழுசாக வரும்.